யாழ்ப்பாண வீதிகளில் தினமும் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்: பெற்றோல் செலவை அளப்பதும் குறைப்பதும்

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், தேசிய எரிபொருள் அட்டையின் கியூஆர் குறியீட்டைக் காட்டினால் மட்டுமே பெற்றோல் கிடைத்த மாதங்களில், கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று வகுக்கப்பட்ட பங்கீடுதான் எனது காரின் உண்மையான செலவை எனக்கு முதன்முதலாக உணர்த்தியது. என்னிடம் இருப்பது ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்குமதி செய்யப்பட்ட, மனுவல் கியர் கொண்ட டொயோட்டா 86. லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடுகிறது என்று நான் நம்பியிருந்தேன். ஆனால் 20 லீற்றரும் 150 கிலோமீற்றருக்குள் தீர்ந்துபோனது. அதாவது, லீற்றருக்கு ஏழரைக் கிலோமீற்றர். அந்தப் பங்கீடு 2023 செப்டெம்பரில் நீக்கப்பட்டது. ஆனால் பங்கீட்டுக் காலத்தில் தொடங்கிய பெற்றோல் கணக்குக் குறிப்பேட்டை நான் இன்றுவரை நிறுத்தவில்லை. கோண்டாவிலுக்கும் நகருக்கும் இடையிலான அன்றாட ஓட்டத்தில் இப்போது ஒன்பதரை வரை கிடைக்கிறது. காரில் எந்தப் புதிய உபகரணத்தையும் பூட்டாமல் இது எவ்வாறு கைகூடியது என்பதைக் கீழே விளக்குகிறேன்.

முதலில் அளவு

நம்மவர்களில் பெரும்பாலோர் எரிபொருள் நிரப்பு நிலையத்தில் "மூவாயிரத்துக்கு அடியுங்கோ" என்று சொல்லிப் பழகியவர்கள். இந்தப் பழக்கம் இருக்கும்வரை காரின் உண்மையான செலவை அறிய முடியாது. பெற்றோல் விலை மாத முடிவில் திருத்தப்படுவதால், சென்ற மாதத்து மூவாயிரமும் இந்த மாதத்து மூவாயிரமும் ஒரே அளவு பெற்றோலாக இருப்பதில்லை. அத்துடன், தாங்கியில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதும் தெரியாமற் போகிறது. ஆகவே கணக்கை ரூபாவில் வைக்காமல் லீற்றரில் வையுங்கள்.

அளக்கும் முறை எளிது. தாங்கியை முழுமையாக நிரப்பச் சொல்லுங்கள். பம்பு தானாக நிற்கும் முதல் தடவையுடன் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஒரு சொட்டும் அடிக்க வேண்டாமென்று ஊழியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் மீற்றர் காட்டும் கிலோமீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். அரைத் தாங்கிக்கு மேல் ஓடிய பின்னர், இயன்றவரை அதே நிலையத்தில், அதே பம்பில், அதே முறையில் மீண்டும் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது தடவை ஏறிய லீற்றரால் வகுத்தால் விடை கிடைக்கும். நிலம் சற்றுச் சரிந்திருந்தாலும் பம்பு முன்னதாகவே நின்றாலும் ஒன்றிரண்டு லீற்றர் வேறுபடக்கூடும் என்பதால், ஒரு தடவை வந்த விடையை நம்ப வேண்டாம். நான்கு அல்லது ஐந்து தடவைகளின் மொத்தக் கிலோமீற்றரை மொத்த லீற்றரால் வகுத்தால்தான் நம்பத்தக்க எண் வரும்.

அந்தச் சராசரியிலும் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். நகரில் 100 கிலோமீற்றரை லீற்றருக்கு 6 கிலோமீற்றர் என்றும், கண்டி வீதியில் 100 கிலோமீற்றரை லீற்றருக்கு 12 கிலோமீற்றர் என்றும் ஓடினால் சராசரி 9 என்றுதான் மனம் கணக்குப் போடும். ஆனால் முதல் நூறுக்கு 16.7 லீற்றரும் அடுத்த நூறுக்கு 8.3 லீற்றரும் ஆக மொத்தம் 25 லீற்றர் செலவாகியுள்ளது. 200 கிலோமீற்றரை 25 ஆல் வகுத்தால் 8 தான் வரும். இதே காரணத்தால், 6 இலிருந்து 8 ஆக உயர்வது நூறு கிலோமீற்றருக்கு நான்கு லீற்றருக்கு மேல் மிச்சப்படுத்த, 12 இலிருந்து 14 ஆக உயர்வது ஒரு லீற்றரைச் சற்றே தாண்டிய அளவைத்தான் மிச்சப்படுத்துகிறது. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் நெடுந்தூர ஓட்டத்தைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டு, நகர ஓட்டத்தைத் திருத்த வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்தக் கணக்கே அடிப்படை.

ரயர் அளவை மாற்றியிருந்தால் மீற்றரும் உண்மையைச் சொல்லாது. 86 காருடன் வரும் 215/45 ஆர்17 ரயரை நீக்கிவிட்டு, தோற்றத்துக்காக 235/40 ஆர்18 பூட்டினால் சில்லின் விட்டம் ஏறத்தாழ 3 சதவீதம் கூடுகிறது. அப்போது மீற்றர் 500 கிலோமீற்றர் காட்டும்போது கார் உண்மையில் 516 கிலோமீற்றர் ஓடியிருக்கும். கண்டி வீதியோரம் நடப்பட்டுள்ள கிலோமீற்றர் கற்களைக் கொண்டு, பத்துக் கிலோமீற்றர் தூரத்தில் உங்கள் மீற்றர் எவ்வளவு விலகுகிறது என்பதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். காரின் திரையில் தோன்றும் சராசரியையும் இந்தக் குறிப்பேட்டுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். திரை பெரும்பாலும் சற்று அதிகமாகவே காட்டும்.

தயாரிப்பாளர் வெளியிடும் எண்ணை இலக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஜப்பானை மட்டும் எடுத்துக்கொண்டாலே, 10-15 முறை, 2011 இலிருந்து ஜேசி08, 2018 இலிருந்து டபிள்யூஎல்ரீசி என அளக்கும் முறை மாறிவந்துள்ளது. பழைய முறையில் அளந்த எண்கள் அன்றாட ஓட்டத்தைவிட மிக உயர்ந்தவை. என் அனுபவத்தில் உண்மைக்கு அண்மித்திருப்பது அமெரிக்க அரசின் மதிப்பீடுதான். சயன் எஃப்ஆர்-எஸ் என்ற பெயரில் அங்கு விற்கப்பட்ட இதே காரின் 2013 ஆம் ஆண்டு மனுவல் கியர் வகைக்கு நகரில் கலனுக்கு 22 மைல், நெடுஞ்சாலையில் 30 மைல் என்று அவர்கள் குறித்துள்ளனர். நமது அளவில் அது லீற்றருக்கு 9.4 கிலோமீற்றரும் 12.8 கிலோமீற்றரும் ஆகும்.

குறுந்தூர ஓட்டமே முதற்பகை

ஸ்போர்ட்ஸ் கார் அதிகம் குடிப்பது வேகமாக ஓடுவதால்தான் என்று ஊரில் சொல்வார்கள். நமது வீதிகளில் அதற்குரிய வேகத்தை யாரும் தொடுவதே இல்லை. குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 50 கிலோமீற்றரும், அவற்றுக்கு வெளியே 70 கிலோமீற்றரும்தான் சட்டம் அனுமதிக்கும் எல்லை. உண்மைக் காரணம் வேறு. இருநூறு குதிரைவலு தரவல்ல எஞ்சின் ஒன்றிடமிருந்து காங்கேசன்துறை வீதியில் பதினைந்து குதிரைவலுவைக்கூட நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. காற்று உள்ளே போகும் வாயில் ஏறக்குறைய மூடியிருக்க, அந்த அடைப்பை எதிர்த்துக் காற்றை இழுப்பதற்கும் தன் உள்ளுராய்வைச் சமாளிப்பதற்குமே எஞ்சின் பெற்றோலில் ஒரு பெரும் பங்கைச் செலவழிக்கிறது. குறைந்த சுமையில் ஓடும் பெரிய எஞ்சின், அதே வேலையைச் செய்யும் சிறிய எஞ்சினைவிடக் கூடுதலாகக் குடிப்பதற்கு இதுவே காரணம்.

இதற்கு மேல் வருவது குளிர்ந்த எஞ்சின். நமது ஊரில் எப்போதும் வெயில்தானே, எஞ்சினுக்கு ஏது குளிர் என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். காலையில் 28 பாகை செல்சியஸில் நிற்கும் எஞ்சின், தான் சீராக இயங்கும் 90 பாகையை எட்டும்வரை வழமையைவிட அதிகமாக எரிபொருளைப் பாய்ச்சுகிறது. தடித்திருக்கும் ஒயிலோ ஒவ்வொரு சுழற்சியையும் பாரமாக்குகிறது. ரேடியேற்றர் நீர் சூடேறிய பின்னரும் ஒயில் சூடேறுவதற்கு இன்னும் சில கிலோமீற்றர் ஓட வேண்டும். கோண்டாவிலிலிருந்து திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்த் திரும்பும் ஓட்டம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. குறிப்பேட்டில் மிக மோசமான எண்கள் வந்த வாரங்களைத் திருப்பிப் பார்த்தபோது, அவை நான் வேகமாக ஓடிய வாரங்கள் அல்ல. ஒரு நாளில் நான்கைந்து தடவை இரண்டு கிலோமீற்றர் வீதம் போய்வந்த வாரங்களாகவே இருந்தன.

ஆகையால் நீங்கள் செய்ய வேண்டிய முதலாவது மாற்றம் பயணங்களை ஒன்றுசேர்ப்பது. பாடசாலை, சந்தை, வங்கி ஆகிய மூன்றுக்கும் போக வேண்டியிருந்தால், மிகத் தூரத்தில் உள்ள இடத்துக்கு முதலில் போங்கள். எஞ்சின் அந்த ஓட்டத்தில் முழுமையாகச் சூடேறிவிடும். திரும்பும் வழியில் மற்ற இடங்களில் நிறுத்தி மீண்டும் இயக்கும்போது அது சூடாகவே இருக்கும். காலையில் காரை இயக்கிவிட்டு முற்றத்தில் ஐந்து நிமிடம் இரையவிடும் பழக்கத்தையும் கைவிடுங்கள். அரை நிமிடம் போதும். பிறகு முதல் சில கிலோமீற்றரை மென்மையாக ஓட்டினால், நின்று சூடேறுவதைவிட விரைவாகச் சூடேறும். ஒழுங்கை முனையிலுள்ள கடைக்குப் பாண் வாங்கப் போவதற்குச் சைக்கிளே பொருத்தமான வாகனம். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா நடைபெறும் 25 நாட்களிலும் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்பட்டு, சுற்றுவழி ஒழுங்கைகளில் முதலாம் கியரில் ஊர வேண்டியிருப்பதால், அந்தப் பக்கம் காரைக் கொண்டுபோகாதிருப்பதே நல்லது.

கியரும் காலும்

மணிக்கு 50 கிலோமீற்றரில் 86 காரின் எஞ்சின் மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,700 தடவை சுழல்கிறது. ஐந்தாம் கியரில் அதே வேகத்துக்கு 1,750 தடவை போதும். மூன்றாம் கியரின் ஓசை காதுக்கு இனியது என்பதையும், அந்த ஓசைக்காகவே பலர் இத்தகைய காரை வாங்குகிறார்கள் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கொக்குவில் முதல் சுன்னாகம் வரை முன்னால் ஒரு பேருந்து போய்க்கொண்டிருக்கும்போது அந்த ஆயிரம் சுழற்சிகளும் வெறும் உராய்வாகவே வீணாகின்றன. வேகமெடுக்கும்போது அக்சிலரேற்றரை அஞ்சி அஞ்சித் தொடுவதும் தவறு. பாதியளவு அழுத்தி, 2,500 சுழற்சிக்குள் கியரை மாற்றி, விரும்பிய வேகத்தை எட்டியதும் உயர்ந்த கியரில் சீராக ஓட்டுவதே எஞ்சினுக்கும் உகந்தது. டேர்போ பூட்டிய கார் வைத்திருப்பவர்கள் மட்டும் 1,500 சுழற்சிக்குக் கீழே உயர் கியரில் வைத்துக்கொண்டு அக்சிலரேற்றரை முழுமையாக அழுத்த வேண்டாம். நேரடியாக எரிபொருள் பாய்ச்சும் டேர்போ எஞ்சின்களில் அது பிஸ்ரனுக்குச் சேதம் விளைவிக்கக்கூடிய முன்னெரிவை, அதாவது தீப்பொறிக்கு முன்னரே பெற்றோல் எரிவதை, உண்டாக்கலாம்.

சந்தியை நெருங்கும்போது கியரை விடுவித்து உருளவிட்டால் பெற்றோல் மிச்சம் என்ற நம்பிக்கை காபரேற்றர் காலத்திலிருந்து வருகிறது. இன்றைய கார்களில், கியரில் இருக்கும்போது அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்தவுடன் இன்ஜெக்டர்கள் பெற்றோலை முற்றாக நிறுத்திவிடுகின்றன. சில்லுகளே எஞ்சினைச் சுழற்றுகின்றன. கியரை விடுவித்தாலோ, எஞ்சின் அணையாமல் இருப்பதற்காகப் பெற்றோல் மீண்டும் பாய வேண்டும்; காரின் கட்டுப்பாடும் குறைகிறது. சந்தி விளக்கு சிவப்பாகத் தெரிந்ததும் நூறு மீற்றருக்கு முன்பே காலை எடுத்து, கியரிலேயே வேகத்தைக் குறைத்துச் செல்லுங்கள். புகையிரதக் கடவை மூடியிருந்தால் எஞ்சினை நிறுத்துங்கள். சூடான எஞ்சினை மீண்டும் இயக்குவதற்கு ஆகும் பெற்றோல், ஏறத்தாழப் பத்து விநாடி இரைவதற்கு ஆகும் பெற்றோலைவிட அதிகமில்லை.

கண்டி வீதியும் சோளகமும்

குடாநாடு தட்டையான நிலம். மலை ஏறும் செலவு நமக்கு இல்லை. அதற்கு ஈடாக நமக்குக் காற்று இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே மணிக்கு 100 கிலோமீற்றரில் அது 70 இல் உள்ளதைப்போல் இரு மடங்கு. தென்மேற்குப் பருவக் காற்றான சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் ஆனையிறவு உப்பங்கழியைத் தாண்டித் தெற்கே திரும்பும்போதும், பண்ணைப் பாலம் வழியாக வேலணைக்குப் போகும்போதும், தடுப்பதற்கு மரமோ வீடோ இல்லாத வெளியில் காற்று முகத்தில் அறைகிறது. எதிர்க்காற்று மணிக்கு 20 கிலோமீற்றர் என்றால், 70 இல் ஓடும் கார் 90 இல் ஓடுவது போன்ற எதிர்ப்பைச் சந்திக்கிறது. அது 65 சதவீதம் கூடுதல். சோளகம் பொதுவாக முற்பகலில் தணிந்தும் பிற்பகலில் ஓங்கியும் வீசுவதால், வவுனியாவுக்கோ அதற்கு அப்பாலோ போக வேண்டியிருந்தால் விடியற்காலையில் புறப்படுங்கள். எனது குறிப்பேட்டில் லீற்றருக்கு 13 கிலோமீற்றரைத் தாண்டிய பயணங்கள் எல்லாம் காலை ஐந்து மணிக்கு முன் புறப்பட்டு, ஆறாம் கியரில் 70 ஐ விட்டு விலகாமல் ஓடியவைதான். பின்புறத்தில் பூட்டும் பெரிய இறக்கைகள் இந்த வேகங்களில் எதிர்ப்பை மட்டுமே தருகின்றன.

ஏசியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். நகருக்குள் மெதுவாக ஓடும்போது கண்ணாடியைத் திறப்பது செலவைக் குறைக்கும். கண்டி வீதியில் கண்ணாடியை மூடி ஏசியை இயக்குவது மேல். நண்பகல் வெயிலில் நின்ற கார் என்றால், முதல் ஒரு நிமிடம் கண்ணாடிகளைத் திறந்து உள்ளிருக்கும் வெக்கையை வெளியேற்றிய பின்னர் ஏசியைப் போடுங்கள். வேப்பமர நிழலில் நிறுத்துவது அதனினும் நல்லது.

92 ஆ, 95 ஆ?

பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் நமது பெற்றோர் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் (காற்றும் பெற்றோலும் சேர்ந்த கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற அளவு) மிகக் குறைவாக இருந்ததால்தான் அது இயன்றது. 86 எஞ்சினின் அமுக்க விகிதமோ 12.5 க்கு 1. அமுக்கம் கூடினால், தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேர்வதற்கு முன்னரே பெற்றோலின் ஒரு பகுதி தானாக எரிந்து எஞ்சின் தட்டத் தொடங்கும். ஒக்டேன் எண் என்பது அந்தத் தட்டலைத் தாங்கும் வலிமையே அன்றி, பெற்றோலில் அடங்கிய சக்தியின் அளவு அன்று. தட்டலை உணர்ந்ததும் எஞ்சினின் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும். எஞ்சின் தப்பும், ஆனால் வலுவும் சிக்கனமும் குறையும்.

ஜப்பானியக் கார்கள் விடயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்நாட்டுத் தர விதியின்படி சாதாரண பெற்றோலுக்குக் குறைந்தது 89 ஒக்டேனும், உயர்தரப் பெற்றோலுக்குக் குறைந்தது 96 ஒக்டேனும் இருக்க வேண்டும். உங்கள் காரின் கைநூலிலோ பெற்றோல் மூடியின் உட்புறத்திலோ உயர்தரப் பெற்றோல் என்று குறிக்கப்பட்டிருந்தால், இங்கு கிடைக்கும் 95 தான் அதற்கு அண்மையானது. விலை கூடினாலும் அதையே நிரப்புங்கள். சாதாரண பெற்றோல் என்று குறிக்கப்பட்டிருந்தால் 92 தாராளமாகப் போதும். அத்தகைய காருக்கு 95 நிரப்புவது பணத்தை வீணாக்குவதாகும். 95 கிடைக்காத நாளில் பாதித் தாங்கி 95 உடன் 92 ஐக் கலந்தால், ஏறத்தாழ 93.5 ஆகும், அடுத்த நிரப்பல் வரை மென்மையாக ஓட்டுங்கள்.

கிணற்று நீரும் கழற்றப்பட்ட தேர்மோஸ்ற்றற்றும்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாக எழுதுவதற்குக் காரணம், என் காரே இதனால் ஒரு வருட காலம் வீணாகக் குடித்தது. குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறி வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் பார்த்திருப்போம். அதே நீரை ரேடியேற்றருக்கு ஊற்றினால் அதே வெள்ளைப் படிவு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. காலப்போக்கில் கார் சூடேறத் தொடங்கும். நான் கொண்டுபோன கராஜில், அடைப்பைத் தேடுவதற்குப் பதிலாக, எஞ்சின் சூடேறும்வரை ரேடியேற்றருக்கு நீர் போகாமல் மறிக்கும் தேர்மோஸ்ற்றற்றைக் கழற்றிவிட்டார்கள். சூடேறுவது நின்றது, நானும் மகிழ்ந்தேன். ஆனால் தேர்மோஸ்ற்றற் இல்லாத எஞ்சினில் நீர் இடைவிடாது சுற்றுவதால், எஞ்சின் தனக்குரிய வெப்பநிலையை எட்டவே நெடுநேரமாகும். அதுவரை கணினி அதைக் குளிர்ந்த எஞ்சின் என்றே கருதிக் கூடுதல் பெற்றோலைப் பாய்ச்சிக்கொண்டிருக்கும். வெப்பமானியின் ஊசி வழக்கமான இடத்துக்கு வராமலே நகரைச் சுற்றி வருகிறதென்றால், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் இதைக் கேட்டு அறியுங்கள். ரேடியேற்றரைச் சுத்தம் செய்வித்து, தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகைத் தேர்மோஸ்ற்றற்றைப் பூட்டி, கூலன்றும் காய்ச்சி வடித்த நீரும் மட்டுமே ஊற்றச் செய்யுங்கள். இந்த ஒரு திருத்தத்துக்குப் பின்னர் எனது நகர எண் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் உயர்ந்தது.

ரயர் காற்றை மாதத்துக்கு இரண்டு தடவை, காலையில், கார் ஓடுவதற்கு முன் பாருங்கள். வெப்பநிலை ஐந்து, ஆறு பாகை கூடினாலே அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ கூடிவிடும் என்பதால், வெயிலில் ஓடி வந்து அளந்தால் எண் ஏமாற்றும். சரியான அளவு சாரதி கதவின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். பக்கச்சுவர் குட்டையான ரயர்கள் குழியில் விழும்போது முன்சில்லுகளின் சீரமைப்பு எளிதில் குலைகிறது. ரயரின் ஓரம் ஒருபக்கமாகத் தேய்ந்தால், அந்தத் தேய்வை உண்டாக்கும் இழுபறிக்கும் நீங்கள் பெற்றோல் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வலிகாமத்தின் செம்மண் புழுதியில் ஓடும் காருக்கு எயார் பில்ரரை அடிக்கடி மாற்றுவது எஞ்சினுக்கு நல்லதே. ஆனால் இன்ஜெக்டர் எஞ்சினில் அதனால் சிக்கனம் பெரிதாகக் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெற்றோல் குழாயில் பூட்டும் காந்தம், தாங்கியில் போடும் வில்லை ஆகியவற்றுக்குக் கொடுக்கும் பணத்துக்கு நல்லதொரு ரயர் அழுத்தமானியை வாங்கலாம்.

குறிப்பேட்டில் தொடர்ந்து மூன்று நிரப்பல்களில் எண் பத்துச் சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், முதலில் அந்த வாரங்களில் குறுந்தூர ஓட்டம் கூடியதா, சோளகம் எழுந்ததா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ரயர் காற்று. அடுத்து, காரைத் தூக்கிச் சில்லுகளைக் கையால் சுழற்றிப் பிரேக் இறுகியிருக்கிறதா என்ற சோதனை. அதன் பின் வெப்பமானி ஊசி. இவை யாவும் சரியாக இருந்தால் மட்டும், எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டாலும், கணினிக் கருவி உள்ள கராஜுக்குக் கொண்டுபோய் புகையிலுள்ள ஒட்சிசனை அளந்து கணினிக்கு அறிவிக்கும் ஒட்சிசன் சென்சரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். குறிப்பேட்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். எந்தத் திகதியிலிருந்து குறையத் தொடங்கியது என்பதை அறிந்த மெக்கானிக்குக்குத் தேடும் வேலை பாதியாகக் குறையும்.